நந்தியாவட்டை தைத்த செலின் மைனி

செலின் மைனி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு மஸ்கட் வழியாகத்தான் வந்தது. அவர் இருந்தது புதுக்கடையைத் தாண்டிக் கடற்கரையில். நான் இருப்பது நாகர்கோவிலில். அண்ணன் அவசரத்தில் முதலில் அகப்பட்ட மகன் நம்பரை அமுக்கியிருக்கிறார். ஷிபு மஸ்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டான். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "அத்தே, அம்மா போயிட்டா" என்றான். எந்த அம்மா என்று கேட்டேன். அப்படியொரு கேள்வி என் வாயில் எப்படி வந்தது என்று இன்னும் எரிச்சலாக இருக்கிறது. காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கொடியின் கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். உட்காராத மனுஷி உட்கார்ந்தபோதே அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். அடக்கம் முடிந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எழுந்து எழுந்து போகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லாமலேயே அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மைனியும் அப்படித்தான். பூத்தையல் என்றால் ஓரிடத்தில் அடங்கி இருந்து செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மைனி நடந்துகொண்டே தைப்பார். துணியை வட்டச் சட்டத்தில் மாட்டி இடது கையில் பிடித்துக்கொண்டு, ஊசியை உதட்டில் கடித்தபடி முற்றத்துக்கும் அடுக்களைக்கும் அலைவார். செடியின் முன்னால் போய் நின்று பூவைப் பார்ப்பார், நாலு தையல் போடுவார், மீன்குழம்பு அடிபிடிக்கிற மணம் வந்ததும் ஓடுவார். அந்த வீட்டில் அடிபிடித்த குழம்பைத் தின்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம் என்று அண்ணன் சொல்வார். அதில் பொய் அதிகம் இல்லை.

உப்புக்காற்று அடிக்கிற மண் அது. அண்ணனுக்கு மீன் வியாபாரம், பழைய வலைக்குப் பஞ்சமில்லை. அந்த வலைகளை இரண்டாகவும் மூன்றாகவும் மடித்துக் கட்டி, காற்றைத் தடுத்துச் செடி வளர்த்தார் மைனி. செம்பருத்தி, தெற்றி என்கிற இட்லிப்பூ, நந்தியாவட்டை, பத்துமணிப்பூ, ஓரத்தில் ஒரு முருங்கை. அந்த முற்றத்தில் என்ன இருந்ததோ அதுதான் வீட்டுத் துணியிலும் இருந்தது. தலையணை உறை, ஜன்னல் திரை, டிவி மூடி, என்னுடைய நைட்டி, அண்ணனுடைய கைக்குட்டை எல்லாவற்றிலும் ஒரு பூ உண்டு. தெற்றிப்பூவோடு மீன்சந்தையில் மூக்கைத் துடைக்க வேண்டியிருக்கிறதே என்று அண்ணன் புலம்புவார்.

தெற்றிக்கு நாலு இதழ். ஒரு தடவை அவசரத்தில் ஐந்து தைத்துவிட்டார். யாருக்கும் தெரியாது, விடுங்கள் என்றேன். "செடிக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் பூ முழுவதையும் பிரித்துப் போட்டார். நூல் விஷயத்தில் அப்படியொரு மனுஷி. ஆனால் வாய் விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பூசைக்கு வராமல் படுத்துத் தூங்கினால், ஃபாதரிடம் அவருக்குக் காய்ச்சல் என்பார். அதோடு விடமாட்டார். எத்தனை டிகிரி, என்ன மாத்திரை, ராத்திரி எப்போது வியர்த்தது, எல்லாம் சொல்வார். கேட்டுக்கொண்டு நிற்கிற அண்ணனே தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மைனிக்குப் பொய் அவ்வளவு சரளமாக வரும்.

இனி அந்த வெள்ளை உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிபு பிறந்தபோது ஞானஸ்நானத்துக்காகப் புதுக்கடையில் துணி எடுத்து மைனியே தைத்தது. பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் அதே உடுப்புதான். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் முற்றத்தில் எந்தப் பூ விரிந்ததோ, அந்தப் பூ அந்தக் குழந்தையின் பெயரில் உடுப்பின் கீழ் ஓரத்தில் ஏறும். முந்தைய நாளே தைத்து வைக்கிற வேலை கிடையாது. காலையில் பனியோடு பூவைப் பறித்துவந்து தைப்பார். வாசலில் கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

என் மகள் ஜெனிக்குப் பத்துமணிப்பூவைச் சொல்லி வைத்திருந்தார். பூசை ஒன்பது மணிக்கு. அந்தப் பூவோ வெயில் ஏறாமல் விரியாது. அன்றைக்கு மேகம் வேறு. கோவிலுக்குப் போய் ஞானஸ்நானம் முடிந்து, பிரியாணி விளம்பி, ஆட்கள் கைகழுவப் போன பிறகுதான் அது மனம் வைத்து விரிந்தது. மைனி ஓடிவந்தார். உடுப்பைக் கழற்றக்கூட விடவில்லை. குழந்தை என் மடியில் தூங்க, கீழே முழங்காலிட்டு ஓரத்தைப் பிடித்துத் தைத்தார். ஊசி பிள்ளையைக் குத்திவிடும் என்று நான் கத்தினேன். "நீ அசையாம இருட்டி, அது போதும்" என்றார். அந்தப் போட்டோ இருக்கிறது. அதில் என் வாய் திறந்திருக்கிறது.

ஜெனிக்கு நாலு வயதானபோது எனக்கு இரண்டாவதாக மகன் பிறந்தான். நாள் ஆகும் முன்பே பிறந்துவிட்டான். அறுவை செய்துதான் எடுத்தார்கள். எனக்கு அரை மயக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். முந்தைய நாள் மாலையிலிருந்து கூடவே இருந்த மைனிதான் குழந்தைப் பக்கம் நின்றார். விடியும் முன்பே அவன் போய்விட்டான். நான் அவனைப் பார்த்தபோது துணியில் சுற்றியிருந்தது. கை சின்னதாக வெளியே இருந்தது.

காலையில் உறவுக்காரர்கள் என் கட்டிலருகே வந்தார்கள். எங்கே அடக்குவது என்று பேச்சு எழுந்தது. என் மாமியாரின் அண்ணன் பழைய ஆள். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா?" என்று கேட்டார். இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தின் மதிலோரத்தில், ஜெபம் இல்லாமல்தான் வைக்க வேண்டும் என்பது அவர் அறிந்த வழக்கம். இந்தக் காலத்தில் சபை அப்படியெல்லாம் சொல்வதில்லை என்று எனக்குப் பிறகு தெரிந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிற்றில் தையல் வலித்ததா வேறு ஏதாவது வலித்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

மைனி சுவரோரம் நின்றிருந்தார். "உண்டு. நான் குடுத்தேன்" என்றார்.

சாகக் கிடக்கிற குழந்தைக்கு, பக்கத்தில் ஃபாதர் இல்லையென்றால், யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். எங்கள் சபையில் அது செல்லும். பெரியவர் விடவில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

"பிளாஸ்க்குல வெந்நி இருந்துது. ஆத்தி, விரல்ல தொட்டுப் பாத்து, நெத்தியில ஊத்துனேன். பேரு சூசை."

சூசை என் அப்பாவின் பெயர். பெரியவர் தலையாட்டினார். என் பையன் எல்லோரையும் போல ஜெபத்தோடும் பெயரோடும் அடக்கமானான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த எனக்கு அன்றைக்கு மைனியின் காலைப் பிடித்து அழ வேண்டும் போலிருந்தது.

சந்தேகம் பிறகுதான் வந்தது. வந்தது போகவேயில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளியாட்கள் யாரையும் கையை நீட்ட விடமாட்டார்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு பெண் பின்னால் பேச்சுவாக்கில் சொன்னாள். அப்படியானால் தண்ணீர் எப்படி? ஆனால் பொய் சொல்கிறவர் வெந்நீரை ஆற்றினேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? தண்ணீர் ஊற்றினேன் என்றால் போதாதா? ஐயோ, அண்ணனின் காய்ச்சலுக்கு டிகிரி சொன்னவராயிற்றே இவர். பெயரும் அப்படித்தான். அப்பா பெயர், அந்த நிமிஷத்தில் யார் வாயிலும் வரக்கூடியது. நான் கணக்கு டீச்சர். இப்படியும் போட்டுப் பார்ப்பேன், அப்படியும் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் தப்பும். என் பிள்ளை மோட்சத்துக்கு உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்று தெரியாமல் ஒரு தாய்க்கு எப்படித் தூக்கம் வரும்? ஒரு ஃபாதரிடம் கேட்டேன். கடவுள் இதிலெல்லாம் கணக்குப் பார்க்கிறவரல்ல, குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். நல்ல பதில்தான். எனக்குப் போதவில்லை.

அடுத்த வருடம் சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கு உடுப்பை வெளியே எடுத்தபோது பார்த்தேன். ஜெனியின் பத்துமணிப்பூவுக்கு அடுத்து ஒரு நந்தியாவட்டை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், கண்ணுக்கு எட்டாது, விரலுக்குத்தான் எட்டும். அந்த உடுப்பை ஒரு நாளும் போடாத என் பிள்ளைக்கு ஒரு பூ. யாரிடமும் கேட்காமல் தைத்திருந்தார். நான் அழுதேன், உடனே கோபமும் வந்தது. அன்றைக்கு முழுவதும் என்னோடு நாகர்கோவிலில் இருந்தீர்களே, முற்றத்தில் என்ன பூத்தது என்று எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அது எந்நாளும் பூத்துத்தான் கிடக்கும் என்று சொல்லி, நூல்கண்டைப் பிடிக்கச் சொல்லி என் கையில் தந்துவிட்டார்.

அதற்குப் பிறகு, பிள்ளைக்கு உண்மையிலேயே தண்ணீர் ஊற்றினீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டேன். ஜாடையாகவும் கேட்டேன், நேராகவும் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து சிதறால் மலைக்குப் போனபோது பாறையில் வைத்துக் கேட்டேன். ஒரு புல்பூவைக் காட்டி இது என்ன பூவென்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியாகக் கேட்டது போன கிறிஸ்துமஸுக்கு. ஸ்டூலின் நுனியில் ஒட்டியபடி தையல் மெஷினில் ஷிபுவின் மகளுக்கு கவுன் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டேன். உண்டா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்கள் மைனி என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

"இல்ல. நான் குடுக்கல. போதுமா?"

சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"குடுத்தேன் மக்கா. இப்பம் ரெண்டும் சொல்லியாச்சு. நீ எதை நம்புவ?"

வெளியே வந்து முருங்கை மரத்தின் மூட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. நாங்கள் அன்றைக்குச் சண்டை போடவில்லை. ஒன்றாகவே சாப்பிட்டோம். குழம்பு அடிபிடித்திருந்தது.

ஷிபு வருவதற்காக மைனியை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. போய்ப் போய் வந்தேன். பந்தல்காரர்கள் பத்துமணிப்பூப் பாத்தியில் கம்பை நாட்டினார்கள். நாற்காலிகளை நந்தியாவட்டையோடு சேர்த்து அடுக்கினார்கள். நான் சத்தம் போட்டதில் துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வந்து, விடு ஆக்னசு, இனி யாரு பாக்க என்றார். அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை ஒரு சொட்டு வரவில்லை.

கோவிலில் ஃபாதர் நன்றாகப் பேசினார். வாயில் பொய்யே வராத பெண்மணி என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தன் மானத்தைக் காப்பாற்ற எத்தனை காய்ச்சல்களை அந்த அம்மா உண்டாக்கினார் என்று அண்ணனுக்குத் தெரியும். எனக்காக ஒரு ஞானஸ்நானத்தை உண்டாக்கினாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியாது. இனி சொல்ல ஆளும் கிடையாது.

கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்தது. மணல் தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் இட்டார்கள். என் முறை வந்தபோது மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் நான் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார்கள். அங்கே நான் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மைனி, இனிக் கேட்கமாட்டேன். நீங்கள் அன்றைக்கே கொடுத்திருந்தால் அவன் உங்களை எதிர்கொண்டு வந்திருப்பான். தாத்தா சாயல் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். கொடுக்கவில்லையென்றால் அவன் எங்கேயாவது வெளியே நின்றுகொண்டிருப்பான். நீங்கள் அங்கேயும் ஓரிடத்தில் உட்காரப் போவதில்லை, எனக்குத் தெரியும். நடந்து தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே தண்ணீர் இல்லாமலா போகும்? நெற்றியில் ஊற்றி, நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்ன அந்தப் பெயரையே வையுங்கள். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா எங்கே என்று கேட்டால், வருவாள் என்று சொல்லுங்கள்.

போய் வாருங்கள், மைனி.