ஜூலைக்குத் திரும்பிய பெட்டி

விரிசல் விட்ட சாமி படம் எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கண்ணாடியில் மயிரிழை அளவு கீறல் கண்டாலும் போதும், அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்துவிடுவாள். அப்பா க்யிம்யிண்டைங் படகு ஜெட்டிக்கு நடந்து, படகுகளுக்கு நடுவில் குனிந்து, அதை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். உடைந்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அண்ணன் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த கையோடு லான்மடாக் கடைத்தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் குழந்தையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அம்மா அதைப் பெட்டி என்றாள். நாங்களும் பெட்டி என்றோம். கரண்ட் ஒருநாள் வரும், மறுநாள் வராது. வந்துவிட்டால் தெரு மொத்தமும் "மீ லாபி" என்று கத்தும், வெளிச்சம் வந்தாச்சு என்று. நானும் கத்திக்கொண்டே பெட்டி இருக்கும் அறைக்கு ஓடுவேன்.

ஜூலைக் கடைசியில், ஓயாத மழையில், பெட்டி ஒழுங்காக வேலை செய்ய மறுத்தது. ரிப்பேர் கடை கோ ஸோ வந்தார். லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்து எதையெதையோ தட்டினார். திரையில் ஒரு காலண்டர் வந்தது. சில தேதிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன.

"எந்த நாள்ல நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார் பர்மிய மொழியில். "அந்த நாளுக்கே கொண்டுபோய் விட்டுடறேன். தடிச்ச தேதியா இருந்தாப் போதும்."

டீ கொண்டுவந்த அம்மா நின்று பார்த்தாள். "அப்படியே என்னையும் ஒரு இருபது வருசம் பின்னால தள்ளிவிடுங்க, கோ ஸோ தம்பி."

"ஆன்ட்டிக்குத் தடிச்ச தேதி எதுவும் விழலையே."

எல்லோரும் சிரித்தோம். வேலை முடிந்ததும் கோ ஸோ அன்றைய தேதியையும் தடித்த தேதியாக்கிவிட்டுப் போனார். அம்மா சிரித்தபடியே ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். டீ சூடாகக் கொட்டிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பேனா பிடிக்க விரல்களில் பலம் இல்லை. அண்ணன் யாரோ சிநேகிதனிடம் தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு ஃபிளாப்பியை வாங்கிவந்து பெட்டியில் ஏற்றினான். கரண்ட் வந்த நாளெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல அடித்தான். என்னை வெளியே துரத்திவிடுவார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காது வைத்தால், "திருத்தாதடா, நான் சொன்னதை அப்படியே அடி" என்பது கேட்கும். அப்புறம் சிரிப்பு. அப்புறம் இருமல்.

"யாருக்கும்மா எழுதுற?"

"உனக்குத்தான். எழுத்துக்கூட்டாம வாசிக்க வந்ததும் அண்ணன் காட்டுவான்."

"எப்ப வரும்?"

"பர்மாக்காரி மாதிரி பேசிக்கிட்டுத் திரியிற. உன்னப் பாத்தா முப்பது வயசாகும் போல இருக்கு."

எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடமும் தெருவும் பர்மிய மொழியாக இருந்தன. தமிழ் அம்மாவின் வாய்க்குள் மட்டும் இருந்தது.

பதினெட்டுப் பக்கம் வந்தது. செப்டம்பரில் அவள் போய்விட்டாள். வேலைக்கு அனுப்பும் ஏஜெண்ட் சொன்ன தேதியைத் தள்ளிப்போட முடியாமல், பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே அண்ணன் மலேசியாவுக்குப் போனான், சட்டைப்பையில் அந்தத் தமிழ் எழுத்து ஃபிளாப்பியோடு. "வந்து அச்செடுத்துக்கலாம்" என்றான். ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பெட்டிக்குள் இருந்தால் பத்திரம். பெட்டி என்றால் பூட்டு போட்ட இரும்புப்பெட்டி மாதிரித்தானே.

கரண்ட் வந்த நாள்களில் அப்பா அதைத் திறந்து நாளுக்கு ஒரு பக்கம் படிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. நான் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வரிகளில் அது சிரிக்கும்.

அக்டோபர் வந்தது. தெருவில் தடின்ஜுட் பண்டிகைக்கு விளக்குகள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மத்தியானம், அப்பா வேலையில், நான் தனியே. "மீ லாபி." பெட்டியைப் போட்டேன். கோ ஸோ தட்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காலண்டரைக் கொண்டுவந்தேன். பின்னால் தள்ளினேன். ஜூலைக் கடைசியில் அந்த ஒரு தேதி, தடித்து, கறுத்து, எனக்காகக் காத்திருந்த மாதிரி. அம்மா நின்ற நாள். அம்மா டீ கொண்டுவந்த நாள். நம்பினேன் என்றால் பொய்; நம்பவில்லை என்றால் அதைவிடப் பெரிய பொய். அழுத்தினேன்.

திரை அணைந்தது. நெடுநேரம் கறுப்பு. பிறகு ஒளி வந்தது, ஏதோ ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னது, நான் படிக்காமல் மூடினேன். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கொடியில் அப்பாவின் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சத்தம்.

அடுத்து கரண்ட் வந்த நாள் அப்பா பக்கங்களைத் திறந்தார். தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள், சிறிசும் பெரிசுமாக, பல் உடைந்த வாயிலிருந்து கொட்டியதுபோல. கீழே தள்ளினார். பதினெட்டுப் பக்கமும் அப்படியே.

"நீ எதையாவது தொட்டியா பாப்பா?"

"இல்லப்பா."

அவர் என்னை நம்பினார். அதுதான் கொடுமை. மூன்று முறை கரண்ட் வந்தது, மூன்று முறையும் திறந்தார், அது மாறவில்லை. கோ ஸோவைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்தால் காலண்டரைப் பார்த்துவிடுவார். ஆங்கிலம்தானே, பள்ளிக்கூட அகராதியில் தேடினால் அர்த்தம் இருக்கும் என்று நினைத்து, முதல் வரியை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கே, எஃப், பெரிய என், எஸ், ஒரு காற்புள்ளி. அகராதியில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

அடுத்த முறை கரண்ட் வந்த நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அம்மாவின் பக்கங்கள் இருந்த இடம் காலி.

"உடஞ்சத வீட்டுல வச்சிருக்கக் கூடாதும்மா," என்றார். "அவளே சொல்லுவா. அவள அந்தக் கோலத்துல பாக்கவும் முடியல."

பிறகு எழுந்து ஜெட்டிக்குப் போனார், வெறுங்கையோடு. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

அண்ணன் பல மாதம் கழித்து, முக்கில் இருந்த தொலைபேசிக் கடைக்குக் கூப்பிட்டபோது, அம்மா எழுதியது பத்திரமா என்று கேட்டான். "பத்திரமா இருக்கு" என்றார் அப்பா. அண்ணன் ஊர் வந்து சேர்வதற்குள் இரண்டு மழைக்காலம் பெட்டியை முடித்துவிட்டிருந்தது. மழைமேல் பழி போட்டோம்.

எனக்கு முப்பத்தோரு வயதானபோது, சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக்காக அச்சகத்தில் நின்றேன். அங்கே இருந்தவர் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. "கெட்டுப்போச்சா?" என்றேன். அவர் சாவகாசமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மாற்றினார். தமிழ் எழுந்து நின்றது.

"எழுத்துரு இல்லாத மெஷின்ல இப்படித்தான் தெரியும்," என்றார். "ஒண்ணும் கெட்டுப்போகாது. பயப்படாதீங்க."

மறுநாள், கடைசிப் பக்கத்தில் அந்த முதல் வரி இருந்த பள்ளிக்கூட நோட்டோடு போனேன். ஒரு வரியை அடித்துக் கொடுக்கச் சொன்னேன்.

பதினொரு வயதில் எனக்குத் தெரியாது: அம்மா எதுவும் குறையாமல், ஒரு புள்ளிகூடச் சிந்தாமல், மூன்று முறையும் எங்கள் முன்னால்தான் இருந்தாள். ஜூலைக்குப் போன பெட்டிக்கு, ஆகஸ்டில் வந்த தமிழ் தெரியவில்லை, அவ்வளவுதான். பின்னால் போனதை ரத்துசெய்து மறுபடி முன்னால் வரலாம் என்பதும், நான் படிக்காமல் மூடிய அந்த இரண்டு வரியில்தான் இருந்ததாம். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் ஜெட்டிப் பக்கம் போனால் ஆற்றைப் பார்ப்பதில்லை.

அச்சகத்துக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன்.

"மகளே, எழுத்துக்கூட்டாம வாசிக்கிறியா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் பதினெட்டுப் பக்கம் இருந்தது.