கீவ் அம்மாவுக்கு ஒரு பத்திரிகை: பள்ளத்தூர் முதல் காரைக்குடி வரை

என் பேரன் கட்டப்போகும் ஒக்ஸானா உக்ரைன் நாட்டுப் பெண். அவள் அம்மா கீவ் நகரத்தில் இருக்கிறார். போர் நடப்பதால் கல்யாணத்துக்கு வர முடியாது, தபாலில் பத்திரிகைதான் போகும். எங்கள் பத்திரிகையில் ஊர்ப்பெயர் முதலில் வரும், ஆள் பெயர் பிறகுதான். கீவை ஆங்கிலத்தில் எழுத யாரையும் கேட்காமல், வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் பார்த்து கே, ஐ, இ, வி என்று நானே எழுதிக் கொடுத்தேன். படித்தது ஐந்தாவதுதான்; ஆனால் பார்த்து எழுதினால் ஓர் எழுத்துப் பிசகாது. முந்நூறு அடித்தாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகையைப் பார்த்த ஒக்ஸானா அதை உறைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள். கேட்டுக் கேட்டுத்தான், என் பேரனிடம் கற்றுக்கொண்ட எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்.

"இது ரஷ்யாக்காரவுக சொல்ற மாதிரி, அப்பத்தா. எங்க அம்மா இப்படி எழுத மாட்டாக. பரவால்ல, விடுங்க."

விடுவதா? அவளையும் கூட்டிக்கொண்டு காரைக்குடி அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

9.10 டவுன் பஸ். பதினொரு கிலோமீட்டர் இருக்கும், அரை மணி நேரம்.

"இவுகளுக்கும் ஃப்ரீ டிக்கெட்டா அப்பத்தா?" என்றார் கண்டக்டர்.

"பொண்ணுகளுக்குன்னுதானப்பா போட்டிருக்கு? வெள்ளை, கறுப்புன்னா போட்டிருக்கு?"

முன்னால் நெல் லாரி ஒன்று போனதால் பஸ் ஊர்ந்தது. வெயிலும் நிழலும் மாறி மாறி மடியில் விழுந்தன. தங்கள் ஊர் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்று ஒக்ஸானா சொல்லிக்கொண்டே வந்தாள். கண் செருகியது. வெள்ளை ஆற்றின்மேல் எங்கள் பஸ் சத்தமே இல்லாமல் போகிறது. அக்கரையில் ஓர் அம்மா கையை நீட்டியபடி நிற்கிறார். கண்டக்டர் விசிலில்தான் காரைக்குடி வந்தது தெரிந்தது.

அச்சகத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

"முந்நூறையும் திரும்ப அடிக்கவா?" அச்சகக்காரர் சிரித்தார். "நம்ம சனத்துல யாரு கண்டுபிடிக்கப் போறாக?"

"இவ அம்மா கண்டுபிடிப்பாக. எங்க அப்பா கண்டுபிடிச்சாக."

நான் பிறந்தது சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் கருவேலம்பட்டி. தெரிந்த ஊராக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் என் கல்யாணப் பத்திரிகையில் சிங்கம்புணரி என்றே போட்டுவிட்டார்கள். அப்பா ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கட்டைப் பிரிக்காமலே பரணில் போட்டார்.

அச்சகக்காரர் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஒக்ஸானா கே, ஒய், ஐ, வி என்று எழுதிக் கொடுத்தாள். மாதிரிப் பிரதியைப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே அவள் அம்மா போனில் கூப்பிட்டார். முதலில் ஊரை வாசித்தார், பிறகு மகளின் பெயரை. மறுபடியும் ஊரை.

"அப்ப ஒங்க பேருக்கு முன்னாடி பள்ளத்தூர்தானே?" என்றார் அச்சகக்காரர்.

"அதுக்கும் முன்னாடி கருவேலம்பட்டின்னு போடுங்க."

அச்சகம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள். ஊர்ப்பெயரை அந்த ஊர்க்காரர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போல் அட்லஸை நம்ப வேண்டாம். கருவேலம்பட்டி எந்த அட்லஸிலும் கிடையாது. எங்கள் பத்திரிகையில் இருக்கிறது.