பெரும்பங்குக்காரரின் வெந்நீர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் நின்றபடி, வடம் போடும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரால் தன் வீட்டுக் குளியலறைச் சத்தத்தை மட்டும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எத்தன மக் ஆச்சு மாப்ள?" என்பார், தோளில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்று.

"நான் எண்ணல மாமா."

"பதினெட்டு. இன்னும் ஊத்துறா பாரு. இந்தா, பத்தொம்பது."

உள்ளே குளித்துக்கொண்டிருந்தது என் அக்கா. பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமா பத்தாவது தேறாதவர். பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்து, முப்பத்தெட்டு வயதுக்குள் நூறு கட்டடங்களுக்கு மேல் ஏறி இறங்கியவர். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். நான் பேருந்தே வராத ஊரிலிருந்து வந்து, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அக்கா படித்தது டிப்ளமோ. அது பட்டம் ஆகாது என்பதை இன்றுவரை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் பட்டத்தை வைத்து நான் செய்த முதல் உருப்படியான வேலை, வீட்டுச் செலவைப் பிரித்தது. மாதம் நாற்பதாயிரம் செலவு. முதலில் மூன்று பேரும் சமமாகப் போட்டோம். "சின்னச் சம்பளக்காரன் இவன். சமமாப் போட்டா இவனுக்கு என்னங்க மிஞ்சும்?" என்று அக்காதான் பேச்செடுத்தாள். சம்பளத்துக்குத் தக்கபடி பங்கு என்று முடிவாயிற்று. நான் கணக்குப் போட்டு, தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்போது மாமா பேர்தான் உச்சியில்.

வீட்டில் ஒரே குளியலறை, ஒரே ஹீட்டர். ஓர் ஆளுக்குத்தான் காணும். காலியானால் மறுபடி சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாளின் அடியில் மாமாவே பேனாவால் எழுதினார்: 'பெரும்பங்கு போடுபவருக்கு முதல் குளியல்.' எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்ததில் மட்டும் கொஞ்சம் நிஜம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அக்காவை வார்டு பொறுப்பாளர் ஆக்கினார்கள். சம்பளம் நாற்பத்து நாலாயிரம். மாமாவுக்கு முப்பத்தாறு, எனக்கு இருபது. கூட்டினால் சுளையாக ஒரு லட்சம். ஆயிரத்துக்கு ஒரு சதவீதம். என் வாழ்நாளில் இவ்வளவு சுலபமான கணக்கைப் போட்டதில்லை.

மாமா தாளை வெகுநேரம் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார், அது சரியாக இருந்ததுதான் குற்றம் என்பதுபோல.

"நீங்க எழுதுன விதிதானேங்க? ரெண்டு வருஷமா நான் பச்சத் தண்ணியில குளிச்சுட்டு ட்யூட்டிக்கு ஓடுறேன். நாளையிலேர்ந்து வெந்நீர் எனக்கு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவளுக்கு 'சிஸ்டரம்மா' என்று பேர் வைத்தார். "சிஸ்டரம்மாவுக்குக் குழம்பு ஊத்துப்பா, பெரிய எடம்." அக்காவுக்கு வார்டிலிருந்து போன் வந்தால், அடுத்த அறையில் உட்கார்ந்து "சொல்லுங்க மேடம், சரிங்க மேடம்" என்று தனக்குத்தானே பழிப்புக் காட்டுவார். அவள் குளித்து வெளியே வந்ததும் உள்ளே போய், கண்ணாடியில் படிந்திருக்கும் ஆவியை விரலால் தொட்டுப் பார்ப்பார். எனக்கும் உள்ளூரப் புகைந்தது. பட்டத்துக்கு ஒரு பங்கு போட்டிருந்தால் வெந்நீர் எனக்கல்லவா வந்திருக்கும்!

அடுத்த சம்பளத் தேதியில், சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். "என்னையும் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. நாப்பத்தஞ்சு."

அக்கா எச்சில் கையை மறந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் தாளைத் திருத்தினேன். மாமா நாற்பத்தொன்று, அக்கா நாற்பது, மிச்சம் பத்தொன்பது எனக்கு. என் பங்கில் மாதம் நானூறு குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சட்டை வாங்கினேன், ஒன்றையும் சந்தேகப்படவில்லை.

எட்டரை மணி வேலைக்கு மாமா விடிய நாலே முக்காலுக்கு எழுந்தார். ஆவி பறக்க வெளியே வருவார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏழு மணிவரை தூங்கி விழுவார். அதற்குள் அக்கா பல் கிட்டிக்க, பாட்டே இல்லாமல் குளித்துவிட்டுக் கிளம்பிப் போயிருப்பாள்.

மூன்றாம் மாதம் ஒருநாள், அவர் பெல்ட் போடுவதை அக்கா உற்றுப் பார்த்தாள். அதில் ட்ரில் போட்டு எடுத்த புது ஓட்டை.

"சூப்பர்வைசர் ஆனா எல்லாருக்கும் தொப்ப போடும். உங்களுக்கு ஏங்க பெல்ட்டுல ஓட்ட கூடுது?"

"ஏறி எறங்குற வேலம்மா."

"சூப்பர்வைசர் கீழ நின்னு அண்ணாந்து பார்ப்பாருன்னுல்ல நெனச்சேன்?"

அவர் ஷூவைத் தேடினார்.

அந்த வாரமே அக்கா ஒரு சின்ன வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு குளியலறை. "நம்ம ரெண்டு பேர் சம்பளத்துக்கும் லோன் வந்துரும்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. உங்க மூணு மாச ஸ்லிப் மட்டும் போதும்ங்க." அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மாமா முகத்தையும்தான்.

மாமாவின் ஆபீஸ் பிரின்டர் கெட்டுப்போனது. கணக்கர் லீவில் போனார். பிறகு பிரின்டர் மறுபடி கெட்டது. மூன்று வாரம் இப்படியே ஓடியது. "வேற ஆள் அட்வான்ஸ் தர்றாங்களாம். நாளைக்குள்ள வேணும்" என்று அக்கா கறாராகச் சொன்ன மறுநாள் மாலை, மாமா மூன்று ஸ்லிப்பையும் மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். மூன்றிலும் முப்பத்தாறாயிரம்.

அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க இத்தன நாளா?"

"பன்னு. சில நாள் டீயோட சரி."

"வெந்நீருக்காகவா?"

"வெந்நீர் கெடக்குது. ஃபிரிட்ஜத் தொறக்குறப்பல்லாம் ஒன் பேரு என் தலைக்கு மேல நின்னுச்சு. தண்ணி பாட்டில எடுக்கக்கூடப் புடிக்கல எனக்கு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இவர் கூடப் போட்டது எவ்வளவு?"

"மாசம் ரெண்டாயிரம், மொத்தம் ஆறாயிரம். ஒன் பங்குல நாலாயிரத்து எண்ணூறு, என் பங்குல ஆயிரத்து இருநூறு." என் சட்டை அப்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேணாம்" என்றார் மாமா.

"வேணும். பணம் திரும்பிரும். தொண்ணூறு நாள் நான் பச்சத் தண்ணியில குளிச்சுட்டுப் போயி ஆளுங்களத் தொட்டேன். 'ஐயோ, கை ஐஸா இருக்கு, வேற நர்ஸக் கூப்பிடு'ன்னு ஒரு பெரியவர் கத்துனாரு. அத எந்த வரியில எழுதுவாரு ஒங்க மாப்ள? அந்த வீட்ட எந்த வரியில எழுதுவாரு?"

கணக்குப் பாடத்தில் நான் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன். அந்தத் தாளில் அதற்கு வரியே இல்லை. அவர்கள் இருவர் நிஜச் சம்பளத்துக்கு அந்த லோன் வரவில்லை. வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

அடுத்த சம்பளத் தேதியில் யாரும் கேட்பதற்கு முன்பே மாமா ஸ்லிப்பைத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். "முப்பத்தாறு" என்று சத்தமாகவும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்காவே டப்பா கட்டிக் கொடுக்கிறாள். ஆனால் வெந்நீரில் ஒரு மக்கைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

இன்று காலையும் அவர் துண்டோடு கதவருகே நின்றார். உள்ளே தண்ணீரும் பாட்டும்.

"எத்தன மாப்ள?"

இப்போதெல்லாம் நானும் எண்ணுகிறேன். "இருபத்தொண்ணு மாமா."

"ஊத்தட்டும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.