ஹெல்மெட் அம்மனின் அப்பா

சர்க்கார்பாளையம் தாண்டிக் கல்லணைக்குப் போகிற சாலையில் ஒரு மைல்கல்லுக்கு ஹெல்மெட் மாட்டியிருக்கும். ரோஜா நிற ஹெல்மெட். மேலே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. அணையைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கி நின்று செல்ஃபி எடுப்பார்கள். வெறுந்தலையோடு வண்டி ஓட்டுகிறவனை ஹெல்மெட் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று பேச்சு. போலீஸ் அபராதத்துக்கு அசையாத சூரர்கள்கூட அந்த இடம் வந்ததும் அவசர அவசரமாகத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த அம்மனின் அப்பா பிலோமின்ராஜ், கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். ஹெல்மெட் இல்லாமல் தொழிற்சாலைக்குள் நுழைகிறவர்களைப் பிடித்து எழுதுவதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. பெற்ற அப்பனுக்கும் மெமோ கொடுப்பார் என்று கூட இருப்பவர்கள் கேலி பேசுவார்கள்.

போன வருஷம் அக்டோபரில் அவருடைய ஒரே மகள் ஷெர்லின், ஸ்ரீரங்கத்தில் தோழியின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியவள், அந்தக் கல்லருகே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து இறந்துபோனாள். தலையில் அடி. அடக்கம் முடிந்த மறுநாள் பிலோமின்ராஜ், வீட்டில் கிடந்த அவளுடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது. மெழுகுவர்த்தி ஏற்றுவதற்காக அதைக் கல்லின்மேல் கவிழ்த்தவர், அழுத அழுகையில் எடுக்க மறந்து வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போனால் அதில் குங்குமம் இருந்தது. கும்பிட்டு நிற்கிறவர்கள் நடுவில் புகுந்து எப்படி எடுப்பது?

கதையும் வளர்ந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு போ என்று அப்பா கெஞ்சினாராம், திமிர் பிடித்த பெண் கேட்கவில்லையாம், செத்த பிறகு புத்தி வந்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறாளாம். கண், காது, மூக்கு வைத்துச் சொன்னார்கள். கதை கட்டுகிறவர்களுக்கு என்ன, செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்?

பிலோமின்ராஜின் மனைவி டோரதி விபத்தன்று காலையில் வீட்டில் இல்லை; அவளும் ஏறக்குறைய அதையே நம்பினாள். மகள்மேல் அவளுக்கு ஆறாத கோபம். கல்லறைத் திருநாளன்றுகூடக் கல்லறைக்குப் போகவில்லை.

"சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா உயிரோட இருப்பா. என்னை இப்படி விட்டுட்டுப் போனவளை நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்?" என்றாள். பிலோமின்ராஜ் மட்டும் போய்வந்தார்.

வருஷப் பூசைக்கு முந்தின நாள், அந்த ஹெல்மெட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டோரதியே கேட்டாள். ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். எதிரே இளநீர் விற்கிற பானுப்ரியா, இவர்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து முழுக்கதையையும் சொன்னாள்.

"அப்பா பேச்சைக் கேட்காத பொண்ணுங்க. அவ்வளவு தலைக்கனம். நீங்களும் தொட்டுக் கும்பிட்டுக்குங்க."

"ஆமாம்மா, யார் பேச்சையும் கேட்க மாட்டா" என்றாள் டோரதி.

பிலோமின்ராஜுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிள்ளைமேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு வருஷமாக நல்ல அப்பனாக நடமாடியதை நினைக்கவே கூசியது.

"இல்லம்மா. நான்தான் அந்த அப்பா. அவ என் பேச்சைக் கேட்டதாலதான் செத்தா" என்றார். "அன்னிக்குக் காலைல நான்தான் ஹெல்மெட்டோட உள்பஞ்சைத் துவைச்சுக் காயப்போட்டேன். ஈரமா இருக்குப்பா, காஞ்சதும் கிளம்பறேன்னு சொன்னா. நேரமாச்சு, இன்னிக்கு ஒரு நாள்தானே, பார்த்துப் போன்னு நான்தான் அனுப்பினேன்."

பானுப்ரியா கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.

டோரதி கணவனைப் பார்க்கவேயில்லை. சாலையைக் கடந்துபோய்க் கல்லின் முன் மண்டியிட்டாள். "ஒரு வருஷமா உன்னைத் திட்டிட்டு இருந்தேனேடி ஷெர்லின்" என்று ஹெல்மெட்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். அருகில் போக அவருக்குப் பயமாக இருந்தது. வந்து நாலு அடி அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்தாள். நெற்றியெல்லாம் குங்குமம். பின்சீட்டில் ஏறினாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

"கல்லறைக்குப் போங்க. நீங்க வாசல்லயே நில்லுங்க. நான் என் பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்" என்றாள்.