அலமாரி வைத்த இடம்

அப்பாவின் வலது முன்கையில் மூன்று காயங்கள் இருந்தன. மூன்றும் வெந்நீர் பட்டவை. மூன்றும் அம்மா இறந்த பிறகு வந்தவை. மணிக்கட்டுக்கு மேலே இருந்தது ஆறிக் கறுத்துவிட்டது. நடுவில் இருந்தது தோலுரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. முழங்கைக்குக் கீழே இருந்ததற்கு ஐந்து நாள்தான் வயது. அதற்குக் கட்டுப் போட்டிருந்தார்.

அந்தக் கட்டை அண்ணன் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டான். உடனே என்னைக் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை வரேன். அப்பாவ என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டைப் பூட்டிடலாம்."

"அவர் வர மாட்டாருண்ணா."

"அடுத்த தடவை முகத்துல கொட்டிக்குவாரு. அப்ப யாரு பதில் சொல்றது, நீயா?"

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குப் போனேன். ஆறு நாள் இருந்தது.

தொழிற்சாலைகளில் எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும், ஆள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை எட்டு நடக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. பதினாலு வருடமாகச் செய்கிறேன். ஒரு சமையலறையைச் சரிசெய்ய முடியாதா என்று நினைத்தேன்.

அப்பா வார்ப்பாலையில் வேலை பார்த்தவர். உருக்கிய இரும்பைக் குவளையில் சுமந்து போய் அச்சில் ஊற்றுவார். பதினோரு வருடத்தில் உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. ஆலை மூடியதும் அவரும் அம்மாவும் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்பா அடுப்பு, அம்மா மற்ற எல்லாம். காய் நறுக்குவது, டப்பா கழுவுவது, நிரப்புவது, கட்டுவது. ஒரு காலத்தில் தினம் அறுபது டப்பா போனது. கடைசியில் பன்னிரண்டு. இருபத்தாறு வருடம். அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போனாள். நான்காம் நாள் டப்பாக்காரர்களுக்கு அப்பாவே போன் செய்து, இனி சாப்பாடு வராது என்று சொன்னார். இப்போது தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறார்.

இந்த வேலை முழுக்க நடந்த இடத்தின் அகலம் ஐந்தடி இரண்டு அங்குலம். நீளம் பதினோரு அடி. ஒரு கோடியில் அடுப்பு, மறு கோடியில் கழுவுதொட்டி. ஒரு பக்கம் முழுக்க மேடை. மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கலாம். எதிர்ச்சுவரில், பாதித் தூரத்தில், முன்பு ஒரு கதவு இருந்து அடைத்த இடம் ஒன்றரை அடி உள்வாங்கியிருக்கும். அம்மா போன இரண்டாவது வாரம் அந்தக் குழிவில் தரையிலிருந்து தலை உயரத்துக்கு அலமாரி செய்து வைத்திருந்தேன். அப்பா குனியாமல், எக்காமல் எல்லாவற்றையும் எடுக்கலாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

முதல் நாள் பானையை மாற்றினேன். இலேசானது, இரு பக்கமும் பிடி உள்ளது. இரண்டாம் நாள் வழுக்காத விரிப்பு போட்டேன், விளக்கை மாற்றினேன்.

"இன்ஜினியரம்மா, இது சமையக்கட்டா, ஆபரேஷன் தியேட்டரா?" என்றார் அப்பா.

"பேசாம நடங்கப்பா. நான் பாக்கணும்."

உருளைக்கிழங்கு வேக வைத்தார். பானையைத் தூக்கினார். தண்ணீரை வடிக்கத் தொட்டியை நோக்கி நடந்தார். மூன்றாவது எட்டில் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. தோள் அலமாரியில் இடித்தது. பானை குலுங்கி, வெந்நீர் புது விரிப்பில் தெறித்தது. கையில் படவில்லை, அவ்வளவுதான்.

"தலை சுத்துதாப்பா?"

"இல்லையே."

"கால் மரத்துப் போச்சா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. லேசா இடிச்சிடுச்சு."

புதன்கிழமை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காது, கண், நரம்பு எல்லாம் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அப்பா நின்றார். "நீங்க நில்லுங்க பாப்போம்" என்று என்னிடம் சொன்னார் மருத்துவர். நான் தள்ளாடினேன். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பில் கோளாறு இல்லையென்றால் மூளையிலா? அண்ணனும் அதைத்தான் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பாவைத் தனியே விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், நான் உட்பட.

வியாழக்கிழமை காலை அப்பாவின் செருப்படியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தேன். விரிப்பைச் சுருட்டி வைத்தேன். பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பிலிருந்து தொட்டிக்கு ஏழு தடவை நடக்கச் சொன்னேன்.

"சம்பளம் உண்டா?"

"காப்பி உண்டு. நடங்க."

ஏழு தடவையும் முடிந்ததும் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். ஏழு தடமும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. இரண்டு எட்டு நேர். மூன்றாவது எட்டு இடது பக்கம், அலமாரியின் அடிப்பலகை வரை. அங்கே இரண்டு கால்களும் சேர்ந்த தடம். பிறகு மறுபடி நேர்.

தடுமாறுகிறவர் ஏழு முறையும் ஒரே இடத்தில் தடுமாற மாட்டார். இது தடுமாற்றம் இல்லை. வழி விடுவது.

"அப்பா, இங்க ஏன் ஒதுங்கறீங்க?"

"எங்க ஒதுங்கினேன்?"

தடத்தைக் காட்டினேன். பானையை மேடையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரமானது.

"உங்கம்மா வருவா," என்றார்.

நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"நான் பானையைத் தூக்குறப்ப அவ தொட்டிகிட்ட டப்பா கழுவிட்டிருப்பா. நான் வடிக்கணும்னா அவ வெளிய வந்தாகணும். ரெண்டு பேரும் நேருக்கு நேர் வந்தா எங்க போறது? நான் அந்தப் பொந்துல ஒதுங்கிக்குவேன். அவ டப்பாவோட தாண்டிப் போவா. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. ரயில் கிராஸிங் மாதிரி. 'சிக்னல் விழுந்துச்சா'ம்பா."

எனக்கு இது தெரியாது. காலை வேலை நடக்கும்போது பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒரே ஒரு முறை பள்ளிப் பையை அந்தக் குழிவில் போட்டதற்கு அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு நெருக்கடியான அறையில் ஓர் இடம் மட்டும் இருபத்தாறு வருடம் சும்மா கிடந்ததே, அதையாவது யோசித்திருக்கலாம். ஆலைக்குள் என்றால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். இங்கே வீணான இடம் என்று எழுதி, அளந்து, பலகை அடித்தேன்.

மூன்று காயங்களும் அலமாரிக்குப் பிறகு வந்தவை.

"இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"இடிக்குதுன்னு தெரியும். நான்தான் வழி விடறேன்னு தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மாசம் நீ அழாம செஞ்ச ஒரே வேலை அது."

இனி நேராக நடப்பதாக வாக்குக் கொடுத்தார். மறுநாள் காலை மறைந்து நின்று பார்த்தேன். மூன்றாவது எட்டில் ஒதுங்கினார், இடித்துக்கொண்டார், தன்னையே திட்டிக்கொண்டார். நான் தச்சருக்குப் போன் செய்தேன்.

சனிக்கிழமை வந்தவர் அலமாரியைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு மேடம்? மாட்டறப்ப அரை நூல் இடைவெளி கூடக் கூடாதுன்னு உயிரை வாங்கினீங்க."

"கழட்டிடுங்க."

"ஐயாவுக்குப் பிடிக்கலையா?"

"எனக்குப் பிடிக்கலை."

"அப்ப சரி," என்று திருப்புளியை எடுத்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுவரில் பதினாறு துளைகள். சிமெண்டு வைத்து அடைத்தேன். அலமாரியில் இருந்ததெல்லாம் கூடத்து மேஜைமேல் குவிந்தது. வேறு இடம் இன்னும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை அண்ணன் வந்தான். பெட்டியை வைத்த கையோடு சமையலறைக்குள் போனான்.

"இன்னிக்குச் சமைங்க, நான் பாக்கறேன்," என்றான்.

"பரீட்சையா? பாஸ் மார்க் எவ்வளவு?"

"அப்பா, விளையாடாதீங்க."

அண்ணன் தொட்டியருகே போய் டம்ளர் கழுவ ஆரம்பித்தான். நான் வாசலில் நின்றேன். என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்பா பானையைத் தூக்கினார். ஓர் எட்டு. இரண்டு. அண்ணன் டம்ளரோடு திரும்பி நேராக வந்தான், எதையும் கவனிக்காமல். அப்பா குழிவுக்குள் ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் தாண்டினான். அப்பா வெளியே வந்து தண்ணீரை வடித்தார். ஒரு சொட்டுக் கூட வெளியே விழவில்லை.

"இதுல என்ன கஷ்டம்? நல்லாத்தானே நடக்கறாரு," என்றான் அண்ணன் என்னிடம்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அலமாரியைப் பற்றி, தடங்களைப் பற்றி, அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று காயங்களும் என்னால் வந்தவை என்று சொன்னேன். அண்ணன் அந்தக் குழிவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவரு இன்னும் அம்மாவுக்கு வழி விட்டுட்டிருக்காரு."

"ஆமா."

"இது நல்லதா, கெட்டதா?"

"தெரியலண்ணா. கை வேகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சாப்பிட்டு முடித்த பிறகு தீர்ப்புச் சொன்னான். மூன்று மாதம் பார்க்கலாம். ஒரு நிபந்தனை. வாரம்தோறும் ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு கைகளையும் போட்டோ எடுத்து எங்கள் இருவருக்கும் அனுப்ப வேண்டும்.

"திருடனுக்கு ரேகை எடுக்கற மாதிரி இருக்குடா," என்றார் அப்பா. ஆனால் ஒத்துக்கொண்டார். அண்ணன் தனியாகத்தான் ரயில் ஏறினான்.

இது ஆறாவது ஞாயிறு. மதியம் இரண்டு வரை போட்டோ வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பேருந்து நேரம் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாற்பதுக்கு இரண்டு படங்கள் வந்தன. இடது கை சுத்தம். வலது கையில், பழைய வடுவுக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு திட்டு.

கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"அது என்னப்பா சிவப்பா?"

"பீட்ரூட் பாப்பா. நக்கியே பாத்துட்டேன். உங்கண்ணன் கேக்கறதுக்குள்ள கழுவி வேற படம் அனுப்பறேன், இரு."

படத்தைப் பெரிதாக்கினேன். தோல் சுருங்கவில்லை. கொப்புளம் இல்லை. இன்னும் பெரிதாக்கினேன், வெறும் புள்ளிகளாகும் வரை. அடுத்த படத்துக்காகக் காத்திருக்கிறேன்.