அத்தா வாங்கிய பச்சைத் துணி

நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. விடியலில் சுபுஹ் தொழுதேன். சர்க்கரை இல்லாத தேநீர், இரண்டு ரொட்டித் துண்டு. பால்கனியில் பாண்டான் செடிக்குத் தண்ணீர். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து ரயிலில் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துக்குப் போய், ரயிலிலேயே திரும்பினேன். மாலையில் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமைதான் அதைச் செய்வேன். ஏன் செவ்வாய் என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

மாற்றுத் திரையை அலமாரியின் அடித்தட்டிலிருந்து உருவியபோது அந்துருண்டை வாசனை ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து தங்கை அழைத்தாள்.

"அண்ணே, பையனுக்கு அந்த ஸ்கூல் கிடைக்கலை. இன்டர்வியூல விட்டுட்டாங்க. வேற எங்க போடுறது? நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும் லா."

காலையில் கூப்பிடுகிறேன் என்றேன். கையில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அதே பள்ளிக்காக, எனக்காக, அத்தா வாங்கிய துணி அது.

அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, கிள்ளானில் துணிக்கடை. சுங்கை பூலோ பக்கம் மேட்டில் இருந்த அந்த ஆண்கள் பள்ளியில் மார்க்கக் கல்வியான தீனும் பாடப் படிப்பும் சேர்த்துச் சொல்லித் தந்தார்கள். தனியார் பள்ளி. லேசில் யாரையும் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் சாம்பல் பூத்த பச்சையில் ஜுப்பா போட்டிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு அங்கே நேர்முகம் என்று தெரிந்த வாரமே அத்தா அந்தப் பச்சையில் ஒரு முழு பண்டல் வரவழைத்துவிட்டார்.

"முதல்ல இடம் கிடைக்கட்டுங்க," என்றார் அம்மா.

"பெருநாளைக்குத் துணிய பெருநாள் அன்னைக்கா வாங்குவோம்? இவன் குர்ஆன் ஓதுறதக் கேட்டா அவங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்க. மத்த பிள்ளைங்களோட வாப்பாமாரும் நம்ம கடையிலயே வாங்கட்டும்."

எனக்கு இரண்டு ஜுப்பா தைத்தாகிவிட்டது. வளருகிற பிள்ளை என்று தரையைப் பெருக்கும் நீளத்துக்கு.

எனக்குத் திக்குவாய் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓதும்போது திக்காது, பேசும்போதுதான் திக்கும். அதிலும் என் பெயரைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அத்தாவுக்கோ அமைதி ஆகாது. கடைக்கு வந்தவர் பேசாமல் நின்றால் அவர் கால் அடுத்த கடைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதனால் வார்த்தைகளால் இடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பார். வீட்டிலும் அப்படித்தான். நான் "ப... ப..." என்று ஆரம்பித்தால், "பசிக்குதா? பணம் வேணுமா? பஸ்ஸ விட்டுட்டியா?" என்று அடுக்குவார். நான் கேட்க வந்தது பந்தாக இருக்கும்.

நேர்முகத்தில் ஓதச் சொன்னார்கள். ஓதினேன். எதிரே இருந்த மார்க்க ஆசிரியர்கள், மூன்று உஸ்தாதுகளும், கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு நடுவில் இருந்த பெரியவர் பெயரைக் கேட்டார். என் உதடு ஒட்டிக்கொண்டது. திறந்திருந்த கதவுக்கு வெளியிலிருந்து அத்தா என் பெயரையும், தன் பெயரையும், கடை இருக்கும் தெருவையும் உரக்கச் சொன்னார்.

பெரியவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. முடிந்ததும் வாசல் வரை எங்களோடு நடந்து வந்தார். "நல்லா ஓதுறான். ஆனா எங்க பிள்ளைங்க எல்லாரும் மேடையேறிப் பேசணும். இங்க இவன் கஷ்டப்படுவான்," என்று மலாயில் சொல்லி என் தலையைத் தடவினார். அத்தா வழி முழுக்கப் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது. இவருக்கு நான் எதற்கும் உதவாமல் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு துணி அளந்துகொண்டே பள்ளி விசாரித்தார். சேலைக்கு ஜாக்கெட் துணி வாங்க வந்த ஆன்டிமார் எல்லாம் யோசனை சொன்னார்கள். வடக்கே கெடா மாநிலத்தில் தங்கிப் படிக்கும் மதரசா ஒன்று நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர்.

"அங்க இவன் பசிக்குதுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள சட்டியக் கழுவிக் கவுத்திருவாங்க," என்று அம்மா அதை முடித்துவைத்தார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பள்ளி. குளிர்சாதன அறையில் ஓர் அம்மையார் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தா, "வெரி குட் குவாலிட்டி, மேடம்," என்றார். அங்கும் இடமில்லை.

கடைக்குப் பின்தெருவில் ஓர் அரசாங்கப் பள்ளி இருந்தது. எனக்கு அங்கே ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருந்தார்கள். "எல்லாரும் போற ஸ்கூல்தானே," என்று அத்தா பதியும் நாளைக்கூட விட்டிருந்தார். இனி வேறு வழியில்லை என்று என்னைக் கூட்டிப் போனார். அலுவலகத்தில் வயதான ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைப் பார்த்துப் பெயர் கேட்டார். அத்தா வாயைத் திறந்தார்.

"தாக் அப்பா, என்சிக். சாயா துங்கு."

பரவாயில்லை ஐயா, நான் காத்திருக்கிறேன். அவ்வளவுதான் அந்தப் பெண்மணி சொன்னார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். மேலே காற்றாடி சுற்றியது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் செருமினார். அத்தா மேசையின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, துணியின் தரம் பார்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டே நின்றார். அவர் நெற்றி வியர்த்தது. எனக்காக ஒருவர் இவ்வளவு கஷ்டப்பட்டு வாய் மூடி நின்றதை அன்றுதான் பார்த்தேன். என் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெண்மணி பாராட்டவெல்லாம் இல்லை. எழுதிக்கொண்டு, "அப்பா பெயர்?" என்று கேட்டார். அதையும் என்னிடமே கேட்டார்.

வெளியே வந்ததும் அத்தா நெற்றியைத் துடைத்தார். "இவ்வளவு நேரம் சும்மா நின்னா என் கடையில வியாபாரமே ஓடாதுடா." பிறகு மெதுவாக, "நல்லாத்தான் சொன்னே," என்றார்.

பகலில் அந்தப் பள்ளி, மாலையில் பக்கத்துத் தொழுகைக் கூடமான சுராவில் ஓதல் என்று ஏற்பாடாயிற்று. பண்டலை மட்டும் அத்தாவால் விட முடியவில்லை. அரசாங்கப் பள்ளியிலும் கால்சட்டை பச்சைதான் என்று அதிலேயே தைத்து அனுப்பினார். கட்டொழுங்கு ஆசிரியர் அவரை வரச்சொல்லி, இது வேறு பச்சை என்றார். "பச்சையில என்ன சார் வித்தியாசம்?" என்று அத்தா கேட்டார். கடை அலமாரியில் பத்துப் பச்சைகளைப் பிரித்து அடுக்கியிருந்த மனிதர்! கடைசியில் எங்கள் வீட்டு ஜன்னல், மேசை, தையல் இயந்திரம், ஆடும் எதற்கும் ஆடாத எதற்கும் அந்தப் பச்சையில்தான் திரையும் விரிப்பும்.

இப்போது கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். போன மாதம் போய் நின்றேன். விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க அக்கா, சாயம் போகாது, தொட்டுப் பாருங்க" என்ற குரல் இல்லை. அத்தா துணி அளந்த இரும்பு மீட்டர் கோல் யாரிடம் போனதோ, தெரியவில்லை. பின்தெருப் பள்ளி அலுவலகத்தில் இப்போது யாரும் பெயர் கேட்பதில்லை, எல்லாம் கணினியில் முன்பே வந்துவிடுகிறதாம். அத்தாவும் இல்லை. பண்டலில் மிச்சம் இந்த ஒரு ஜன்னலுக்குத்தான்.

மறுநாள், புதன்கிழமை. சுபுஹ் தொழுததும், தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே, தங்கை வீட்டுக்கு அழைத்தேன். பையனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உனக்கு எங்கடா படிக்கணும்னு இருக்கு?"

மறுமுனையில் சத்தமில்லை. இரண்டு மூன்று பள்ளிகளின் பெயர் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பச்சைத் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.