அவளுடைய சிஸ்டம்

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இப்போது இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் அது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததாம், எங்கள் முதலாளி அண்ணை பிறகு சொன்னார்.

கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். கோயில், சேர்ச், அரிசி ஆலை, கலியாண மண்டபம், வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் என்று முப்பத்தாறு பேருடைய இணையத்தளங்களை அங்கிருந்து நடத்துகிறோம். அவற்றில் செய்தி போட, படம் மாற்ற ஒரு சிஸ்டம் வேண்டும். பாடப்புத்தகத்தில் அதற்கு உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று நீட்டி முழக்கிப் பெயர் இருக்கும். எங்களுடையதை எழுதியது நான். ஏழு வருடம், வரி வரியாக. என்னைத் தவிர வேறு ஒருவராலும் அதை ஓட்ட முடியாது. அது ஒரு குறை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. திருவிழா என்றாலும் எனக்குத்தான் போன் வரும், செத்தவீடு என்றாலும் எனக்குத்தான். நான் போட்டால்தான் கடல் கடந்து இருக்கிற சொந்தக்காரர் பார்ப்பார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பசியே தெரியாது.

அவள் முல்லைத்தீவுக் கரையில் இருந்து வேலைக்கு வந்தாள். என்னைவிட மூன்று வயது குறைவு. வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, "அக்கா, உலகமெல்லாம் பாவிக்கிற சிஸ்டம் ஒண்டு சும்மா கிடைக்குது. எல்லாத் தளத்தையும் ஒரே இடத்தில இருந்து பாக்கலாம். ஆக்களே தங்கட செய்தியைப் போடுவினம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் இருந்து கொண்டுவரும் இறால் பொரியலுக்கு முழுக் கந்தோரும் காத்திருக்கும். இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லிவிட்டு நான் பருப்போடு இருந்தேன்.

அண்ணை இரண்டு பக்கமும் யோசித்தார். கடைசியில், "தளம் வைச்சிருக்கிற ஒரு ஆளைக் கூப்பிட்டு ரெண்டிலயும் செய்தி போட விடுவம், தங்கச்சி. அவருக்கு எது சரிவருதோ, முப்பத்தாறும் அதுக்குப் போகட்டும்" என்றார். ஆளைத் தெரிவு செய்கிற வேலையைப் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். மாங்குளம் பக்கத்துக் கோயில் ஒன்றின் செயலாளரைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற தபாலதிபர். நோட்டீஸைக் கடதாசியில் எழுதி, அதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறவர். ஒரு விரலால் தமிழ் தட்டுவார், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவளுடைய சிஸ்டத்தில் அவர் தடுமாறட்டும் என்றுதான் கூப்பிட்டேன். என்னுடையதில் தடுமாறினால், "அதுக்குத்தானே நான் இருக்கிறன்" என்று சொல்வதற்கும் ஆயத்தமாக இருந்தேன்.

ஐயாவுக்கென்று என் சிஸ்டத்தில் ஒரு வழி திறந்து கொடுத்தேன். தலைப்புப் பெட்டியில் அவர் முதலில் பிள்ளையார் சுழி போட்டார். வெறும் 'உ'. கோயில் நோட்டீஸ் எழுதப் பழகிய கை வேறு எதில் தொடங்கும்? கொடியேற்றம், அன்னதானம், பொதுக்கூட்டம் என்று மூன்று அறிவித்தலையும் கீழே இருந்த பெட்டியில் எழுதினார். முகப்பில் மூன்று தலைப்பும் உ, உ, உ என்று வரிசையாக வந்து நின்றன.

"அதை அழிச்சுப்போட்டு எழுதுங்கோ ஐயா. நான் எப்பவும் எடுத்துப்போட்டுத்தான் போடுறனான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களோ பிள்ளை எடுக்கிறது? ஏழு வரியமா ஏன் சுழி வாறேல்லை எண்டு யோசிச்சனான். உங்களிட்டக் கேக்க ஒரு மாதிரி இருந்தது."

எனக்குச் சுருக்கென்றது.

அவளுடைய சிஸ்டத்திலும் அவர் அதையேதான் செய்தார். உ. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவளோ, "பொறுங்கோ ஐயா, அதுக்கு ஒரு இடம் வைப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருந்தாள். தேத்தண்ணி ஆறமுன்னம் தலைப்புக்கு மேலே ஒரு சின்ன இடம் வந்துவிட்டது. கோயில் என்றால் சுழி, சேர்ச் என்றால் சிலுவை, தானாகவே வரும். ஒரு தரம் செய்தாள், அத்தனை கோயில் தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நானாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து முதுகு ஒடிந்திருப்பேன். ஐயா தானே பொத்தானை அமத்தினார். சுழியோடு தன் நோட்டீஸ் வந்ததைக் கண்டு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. முடிவு எனக்கு விளங்கிவிட்டது.

முப்பத்தாறையும் மாற்ற மூன்று மாதம் எடுத்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்து மாற்றினேன். அவளுடைய சிஸ்டம் எங்கேயாவது விழட்டும் என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். சனியன், விழவே இல்லை. ஆக்கள் தாங்களே போட்டார்கள். என் போன் அடங்கிப்போனது. ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வேலை இல்லாவிட்டால் யார் போன் எடுப்பார்கள்? அவளுக்கும்தான் எடுக்கமாட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று நினைக்க நினைக்க எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது.

போன மாதம் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஐயாவைக் கண்டேன்.

"எப்பிடி ஐயா, புதுசு கரைச்சல் தருதோ?" என்று கேட்டேன். தருகிறது என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது.

"ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை. எல்லாம் நானே போடுறன். கிழமைக்கு ஒருக்கா அந்தப் பிள்ளைக்குக் கோல் எடுப்பன்."

"எதுக்கு? ஏதும் பிழைக்குதோ?"

"சீச்சீ. சும்மா கதைக்கத்தான். அவவின்ர தகப்பனுக்குச் சுகமில்லையெல்லோ. இப்ப ஆசுப்பத்திரியில. உங்களுக்குத் தெரியுந்தானே?"

எனக்குத் தெரியாது. ஒரே அறையில், இரண்டு கதிரை தள்ளி இருக்கிறாள். ஏழு வருடமாக இந்த மனிசன் எனக்கு எத்தனை தரம் போன் எடுத்திருப்பார். என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

"ஓம் ஐயா, தெரியும்" என்றேன்.